தெரிந்தும் திரும்பாத நிறுவனங்கள்

1990-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரையில் சீலிங் ஃபேன் வருகிறது. பெரிய நிறுவனங்கள் ஏன் சறுக்கி விழுகின்றன என்பதை விளக்க ரெபெக்கா ஹெண்டர்சனும் கிம் கிளார்க்கும் எடுத்துக்கொண்ட உதாரணம் அது. சீலிங் ஃபேன் செய்யும் கம்பெனி இறக்கையைத் திருத்தும், மோட்டாரை வலுவாக்கும். அதெல்லாம் கைவந்த வேலை. ஏசி வந்துவிட்டால் தொழிலே வேறு. தங்களுக்குத் தெரியாத ஒன்று வந்திருக்கிறது என்றாவது அப்போது புரியும். இரண்டுக்கும் நடுவில்தான் பொறி இருக்கிறது: கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஃபேன். அதே இறக்கை, அதே மோட்டார், அதே சுவிட்ச். அவை ஒன்றோடொன்று பொருந்தும் விதம் மட்டும் மாறிவிட்டது. பாகங்கள் எல்லாம் பழகியவை என்பதாலேயே மாற்றம் கண்ணில் படுவதில்லை. இறக்கைக்கு ஒரு பிரிவு, மோட்டாருக்கு ஒரு பிரிவு என்று கம்பெனியே பழைய ஃபேனின் வடிவில் அடுக்கப்பட்டிருக்கிறது. யார் யாரிடம் பேச வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் அந்த அடுக்கிலேயே முடிவாகிவிடுகிறது.

இது வெறும் உவமை இல்லை. சிலிக்கன் தகடுகளில் மின்சுற்றுகளைப் பதிக்கும் இயந்திரங்களைச் செய்த நிறுவனங்களை அவர்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்தார்கள். ஒரு தலைமுறையில் முதலிடத்தில் இருந்தவர் அடுத்த தலைமுறையில் காணாமல் போனார். பணம் போடாமல் இல்லை, கொட்டித்தான் பார்த்தார்கள். காஸ்பர் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் ஜப்பானின் கேனன் கொண்டுவந்த இயந்திரத்தை ஆராய்ந்துவிட்டு, இது நம்முடைய இயந்திரத்தின் நகல்தான் என்று சொல்லிவிட்டார்கள். பாகங்களைப் பார்த்தவர்கள் பொருத்தத்தைப் பார்க்கவில்லை. காஸ்பர் அதன் பிறகு எழவே இல்லை.

ஹெண்டர்சன் இன்று ஹார்வர்டில் 'யூனிவர்சிட்டி புரொஃபசர்', அங்குள்ள ஆசிரியர் பதவிகளில் அதுவே உச்சம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பாடம் நடத்துகிறார். அதற்கு முன்பு எம்ஐடியின் ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அங்கே அவர் வகித்த பேராசிரியர் இருக்கையின் பெயர் ஈஸ்ட்மன் கோடக். 1975-லேயே தன் ஆய்வுக்கூடத்தில் டிஜிட்டல் கேமராவைச் செய்துவிட்டு, 2012-ல் திவால் மனு கொடுத்த அதே கோடக். பெரிய நிறுவனங்கள் மாறத் தவறுவதை ஆராய்ந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான இருக்கை கிடைத்திருக்காது.

பிறகு அவர் பருவநிலை மாற்றத்தின் பக்கம் திரும்பினார். முதலாளித்துவத்தை மறுபடி யோசிப்பது பற்றி ஹார்வர்டில் அவர் ஆரம்பித்த வகுப்பில் முதலில் 28 மாணவர்கள். சில ஆண்டுகளில் அது 300-ஐ நெருங்கியது. நாளைக்கு எண்ணெய்க் கம்பெனிகளையும் வங்கிகளையும் நடத்தப் போகிறவர்கள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் அவர் சொல்லும் வாதத்தின் தொடக்கம் எளியது. நிலக்கரியை எரிப்பவர் நிலக்கரிக்கு விலை கொடுக்கிறார், புகைக்குக் கொடுப்பதில்லை. அந்தப் பாக்கியை வேறு யாரோ வேறு எங்கோ வெள்ளமாகவும் வெப்பமாகவும் கட்டுகிறார்கள். சந்தையில் விலை பொய் சொல்லும்போது, அந்த விலையை நம்பி எடுக்கும் முடிவுகளும் பொய்யாகின்றன.

இதுவரை பொருளாதாரம். பொருளியலாளர் ஆர்தர் பிகு 1920-லேயே இதைச் சொல்லிவிட்டார்: புகைக்கு வரி போடு, விலை உண்மை பேசும். மருந்துச் சீட்டு எழுதி நூறாண்டு ஆகியும் நோயாளி மருந்தைக் குடிக்கவில்லை என்றால், மருந்தைப் பற்றி இன்னொரு கட்டுரை எழுதிப் பயனில்லை. குடிக்க விடாமல் கையைப் பிடிப்பது யார் என்று பார்க்க வேண்டும். அதைத்தான் அரசியல் பொருளாதாரம் என்கிறோம். யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம், அவர்களில் சட்டமன்றக் கதவைத் தட்டும் பலம் யாருக்கு இருக்கிறது என்ற கணக்கு.

இங்கே எனக்கு ஹெண்டர்சனின் பழைய ஆய்வோடு ஒரு வழக்கு உண்டு. காஸ்பரின் பொறியாளர்கள் மாற்றத்தைப் பார்க்கவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் பார்த்தன. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் 2003 வரை கணித்த வெப்பநிலை உயர்வுகளை மூன்று ஆய்வாளர்கள் எடுத்துச் சோதித்து 2023-ல் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். அந்தக் கணிப்புகளில் பெரும்பாலானவை பின்னால் நடந்ததோடு பொருந்தின. நிறுவனமோ வெளியில் பல ஆண்டுகள் சந்தேகத்தை விதைத்துக்கொண்டிருந்தது. 1989-ல் அமெரிக்காவில் உருவான உலகப் பருவநிலைக் கூட்டமைப்பு என்ற தொழில்துறை அணியின் கதையும் இதேதான். எக்ஸான், ஷெல், பிபி, ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் எல்லாம் அதில் இருந்தன. பசுமைக்குடில் விளைவின் அறிவியல் அடிப்படை மறுக்க முடியாதது என்று 1995-ல் அதன் சொந்த அறிவியல் குழுவே எழுதிக் கொடுத்தது. ஊருக்குச் சொன்னது வேறு. 1997 ஜூலையில், கியோட்டோ பருவநிலை மாநாட்டுக்கு முன்பே, வளரும் நாடுகளுக்கும் கடமை வைக்காத எந்த உடன்பாட்டையும் ஏற்க மாட்டோம் என்ற தீர்மானத்தை அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று நிறைவேற்றியது.

கண் தெரியாதவருக்கு வெளிச்சம் காட்டலாம். கண் தெரிந்தும் திரும்பாதவருக்குக் கணக்கை மாற்றிக் காட்ட வேண்டும். பொருளியலாளர் மன்சூர் ஓல்சன் 1965-ல் விளக்கிய விஷயம் இங்கே உதவும். ஒரு சட்டத்தால் பத்துக் கம்பெனிகளுக்குத் தலைக்குப் பல நூறு கோடி நஷ்டம், பத்துக் கோடிப் பேருக்குத் தலைக்குக் கொஞ்சம் லாபம் என்று வையுங்கள். கூட்டிப் பார்த்தால் லாபம்தான் பெரிது. ஆனால் அந்தப் பத்துக் கம்பெனிகள் மறுநாளே வக்கீல் வைத்து, லாபி வைத்து வந்து நிற்கும். பத்துக் கோடிப் பேரில் ஒருவர்கூட அதற்காக ஒரு நாள் வேலையை விட்டு வர மாட்டார். பருவநிலையில் இது இன்னும் மோசம். லாபம் பெறப் போகிற பெரும்பாலோர் இன்னும் பிறக்கவே இல்லை.

பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனமான பிபியைக் கொஞ்சம் பின்தொடர்வோம். ஒரே நிறுவனம் முப்பது ஆண்டுகளில் எத்தனை திசையில் திரும்ப முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

1997 மே மாதம் அதன் தலைவர் ஜான் பிரவுன் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேசினார். பருவநிலை ஆபத்தை இனித் தள்ளிப்போட முடியாது என்று ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் தலைவர் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. மேலே சொன்ன கூட்டமைப்பை விட்டு பிபி வெளியே வந்திருந்தது. தன் கிளைகளுக்குள்ளேயே, இவ்வளவு கார்பன் உமிழலாம் என்ற அனுமதிகளை வாங்கி விற்கும் முறையை அமைத்து, 2010-க்குள் எட்டுவதாகச் சொன்ன குறைப்பை 2001-லேயே எட்டியது. பிரவுனின் பேச்சு பாசாங்கு என்று நான் நினைக்கவில்லை. தன் ஆலைகளின் உமிழ்வைக் குறைப்பது ஒன்று, தான் விற்கும் எண்ணெயைக் குறைப்பது வேறு. முன்னதில் செலவு மிச்சமாகும். பின்னதில் தொழிலே போகும். பிபி முன்னதைச் செய்தது.

இனி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு வருவோம். பசிபிக் கரையோரம், சியாட்டில் இருக்கும் மாநிலம். பிபிக்கு அங்கே செர்ரி பாயின்ட் என்ற பெரிய சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 2016-ல் அந்த மாநில மக்கள் முன் ஒரு வாக்கெடுப்பு வந்தது. கார்பனுக்கு டன் ஒன்றுக்கு 15 டாலரில் தொடங்கி, அடுத்த ஆண்டு 25 டாலராகி, பிறகு படிப்படியாக ஏறும் வரி. வசூலாகும் பணத்தை விற்பனை வரிக் குறைப்பாகவும் ஏழைத் தொழிலாளர்களுக்கான தள்ளுபடியாகவும் மக்களுக்கே திருப்பிக் கொடுப்பது. பொருளியல் பாடநூல் சொல்லும் வரி அப்படியே இதுதான். ஏறக்குறைய 59 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எண்ணெய்க் கம்பெனிகள் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. தொழிற்சங்கங்களும், புகையை அதிகம் சுவாசிக்கும் ஏழைப் பகுதிகளின் அமைப்புகளும் இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டு விலகி நின்றன. எல்லோருக்கும் கொஞ்சம் கொடுக்கும் சட்டத்துக்கு உயிரைக் கொடுத்து உழைக்க ஆள் இல்லை.

2018-ல் இரண்டாவது வாக்கெடுப்பு. இம்முறை பணத்தைத் திருப்பித் தராமல் காற்றாலை, காடு, பொதுப் போக்குவரத்து, பாதிக்கப்பட்ட பகுதிகள் என்று செலவிடுவது. பழைய குறை தீர்ந்தது. சங்கங்களும் பழங்குடி அமைப்புகளும் உள்ளே வந்தன. ஆனால் எதிரணி இப்போது விழித்துக்கொண்டது. எண்ணெய்த் துறை 3 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. அந்த மாநில வாக்கெடுப்புகளின் வரலாற்றில் அதுவரை இல்லாத தொகை. அதில் ஏறத்தாழ 1.3 கோடி டாலர் பிபி கொடுத்தது. கார்பனுக்கு விலை வேண்டும் என்று இருபது ஆண்டாகச் சொல்லிவந்த அதே பிபி. சில பெரிய உமிழ்வாளர்களுக்கு விலக்கு தருகிறது, சட்டம் சரியாக எழுதப்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். விலக்கு உண்மைதான். ஆனால் எந்தச் சட்டமும் எழுதப்படும்போது குறையோடுதான் எழுதப்படும். கொள்கையளவில் ஆதரிப்பவர், கண்ணெதிரே வரும் ஒவ்வொரு சட்டத்திலும் குறை கண்டு எதிர்த்தால், அந்தக் கொள்கைக்கு என்ன மதிப்பு? சட்டம் தோற்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். 2021-ல் மாநிலச் சட்டமன்றமே ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. உமிழ்வுக்கு மொத்தமாக உச்சவரம்பு, அனுமதிகளை ஏலம் விடுவது, ஏலப் பணத்தை மாநிலத்துக்குள் செலவிடுவது. வெளி மாநிலங்களோடு போட்டியிட வேண்டிய தொழில்களுக்கு ஆரம்ப ஆண்டுகளில் அனுமதிகளில் பெரும்பகுதி இலவசம். சுத்திகரிப்பு ஆலைகளும் அந்தப் பட்டியலில் இடம்பெற்றன. இந்த முறை பிபி ஆதரித்தது. மூன்று ஆண்டில் அவர்கள் மனம் மாறியதாக எடுத்துக்கொள்ளலாம். இலவச அனுமதிகள் கணக்கை மாற்றின என்றும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதே சரியாகப் படுகிறது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சட்டம் பிறப்பதற்குக் கொடுத்த விலை அது. எதிரியின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துத் தன் பக்கம் உட்காரவைக்காமல் இந்த மாதிரிச் சட்டம் எங்கும் பிறப்பதில்லை. அந்த விலை அதிகமா என்பது வேறு கேள்வி. அதிகம் என்று சொன்ன சுற்றுச்சூழல்வாதிகள் அங்கேயே இருந்தார்கள், அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு.

2023-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அந்தக் கோடையில் நாட்டிலேயே பெட்ரோல் விலை அதிகமான மாநிலமாக வாஷிங்டன் ஆனது. உடனே முதலீட்டு நிதி அதிபர் ஒருவர் கைப்பணத்தைப் போட்டுச் சட்டத்தை ரத்து செய்யும் வாக்கெடுப்பைக் கொண்டுவந்தார். விலை ஏறிய கோபம் இருக்கும்போது ரத்து வாக்கெடுப்பு எளிதில் ஜெயிக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆனால் அதற்குள் 200 கோடி டாலருக்கு மேல் வசூலாகியிருந்தது. 18 வயது வரை உள்ளவர்களுக்குப் பேருந்து இலவசம், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மின் கட்டணத்தில் 200 டாலர் கழிவு, பழங்குடிப் பகுதிகளுக்குப் பருவநிலைப் பாதிப்பைச் சமாளிக்க நிதி. கண்ணுக்குத் தெரியாத கார்பனுக்குக் கண்ணுக்குத் தெரியும் வரவு. 2024 நவம்பரில் ஏறக்குறைய 62 சதவீதம் பேர் ரத்து வேண்டாம் என்று வாக்களித்தார்கள். டொனால்டு டிரம்ப் மறுபடி அதிபரான அதே தேர்தல் நாள். ரத்தை எதிர்த்த அணியில் மைக்ரோசாஃப்ட் இருந்தது, அமேசான் இருந்தது, பிபியும் இருந்தது.

பாடநூல் வரி தோற்ற ஊரில், இழுபறியில் பிறந்த கலப்படச் சட்டம் நின்றது. எட்டு ஆண்டுகளில் அந்த மக்களின் அறிவியல் அறிவு தலைகீழாக மாறிவிடவில்லை. சட்டத்தால் வாழ்பவர்கள் என்று ஒரு கூட்டம் உருவாகியிருந்தது, அவ்வளவுதான்.

இதைக் கோட்பாடாகவே சொன்னவர்கள் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் மெக்லிங்கும் மூன்று சகாக்களும் 2015-ல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள்: முதலில் கார்பனுக்கு விலை வைக்கப் போகாதீர்கள்; முதலில் சூரியத் தகடு செய்பவர், காற்றாலை நிறுவுபவர் என்று லாபம் பெறும் தொழில்களை வளர்த்துவிடுங்கள்; பிறகு அவர்களே விலைக்காகப் போராடுவார்கள். ஜெர்மனி 2000-ல் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சட்டம் இப்படித்தான் தனக்கான படையைத் தானே உருவாக்கிக்கொண்டது.

நிதி உலகம் வேறு வழியை முயன்றது. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஜப்பானின் அரசு ஓய்வூதிய நிதி போன்ற மாபெரும் முதலீட்டாளர்கள் கிட்டத்தட்ட எல்லாக் கம்பெனியிலும் பங்கு வைத்திருக்கிறார்கள். பருவநிலை கெட்டால் மொத்தமும் கெடும். ஆகவே அவர்களே கம்பெனிகளை நெருக்குவார்கள் என்பது ஹெண்டர்சன் 2020-ல் எழுதிய புத்தகத்தில் வைத்த நம்பிக்கைகளில் ஒன்று. தர்க்கம் அழகானது. 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் 130 டிரில்லியன் டாலர் சொத்துள்ள நிதி நிறுவனங்கள் அணி சேர்ந்ததாக அறிவித்தார்கள். அதே ஆண்டு, எண்ணெய்த் தொழிலைப் புறக்கணிக்கும் நிறுவனங்களோடு அரசு நிதிகள் தொடர்பு வைக்கக் கூடாது என்று டெக்சாஸ் சட்டம் போட்டது. 2024 டிசம்பருக்கும் 2025 ஜனவரிக்கும் நடுவில் அமெரிக்காவின் ஆறு பெரிய வங்கிகளும் அதன் உறுப்பான வங்கிகள் அணியை விட்டு வெளியேறின. 2025 அக்டோபரில் அந்த வங்கிகள் அணியே கலைந்தது. பணத்துக்கு அரசியலைத் தாண்டிய பலம் கிடையாது. அரசியல் ஒரு முறை முறைத்ததும் அது இருந்த இடத்துக்குத் திரும்பிவிட்டது.

ஹெண்டர்சனே இதைப் புரிந்துகொண்டிருந்தார் என்பதை இங்கே சொல்ல வேண்டும். அதே புத்தகத்தின் கடைசிப் படி அரசைப் பற்றியது. நிறுவனங்களின் நல்லெண்ணம், லாபகரமான பசுமைத் தொழில், முதலீட்டாளர் நெருக்கடி எல்லாம் ஒரு தூரம் வரை போகும். அதற்கு மேல் நேர்மையான, செயல்படும் அரசும் ஜனநாயகமும் இல்லாமல் முடியாது. அவற்றைக் காப்பது வணிகத்தின் வேலையும்கூட என்கிறார். பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஒருவர் வருங்கால முதலாளிகளிடம் உங்கள் தொழிலின் எதிர்காலம் தேர்தல் நேர்மையில் இருக்கிறது என்று சொல்வதை நான் மதிக்கிறேன். ஆனால் தனி நிறுவனம் ஒன்று அதை ஏன் செய்யும்? பூனைக்கு மணி கட்டுவது யார் என்ற பழைய கேள்விதான்.

2022-ல் அமெரிக்கா எடுத்த வழி மெக்லிங் குழு சொன்ன வழியேதான். பணவீக்கக் குறைப்புச் சட்டம் என்று பெயர். உள்ளே பசுமைத் தொழில்களுக்கான வரிச்சலுகைகள். தண்டனை ஏறக்குறைய இல்லை, பெரும்பாலும் வெகுமதிதான். குடியரசுக் கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட விழவில்லை. ஆனால் முதலீட்டில் பெரும்பகுதி அந்தக் கட்சியின் தொகுதிகளுக்கே போனது. 2024 ஆகஸ்டில் அக்கட்சியின் 18 உறுப்பினர்கள், இந்தச் சலுகைகளை முழுவதுமாக ரத்து செய்யாதீர்கள் என்று சபாநாயகருக்குக் கடிதம் எழுதினார்கள். கோட்பாடு ஜெயித்துவிட்டது போலிருந்தது. 2025 ஜூலை 3 அன்று சலுகைகளை வெட்டும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 218-க்கு 214 என்று நிறைவேறியது. அந்தக் கட்சியில் எதிர்த்தவர்கள் இருவர் மட்டுமே. கடிதத்தில் கையெழுத்திட்டு அவையில் தொடர்ந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆதரித்தார்கள்.

எது வெட்டுப்பட்டது, எது தப்பியது என்று பார்த்தால் கதை தெளிவாகும். மின்சாரக் கார் வாங்குபவருக்கான சலுகை அந்தச் செப்டம்பரோடு முடிந்தது. காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்குமான சலுகைக்குக் குறுகிய கெடு வைத்தார்கள். அணு மின்சாரம் தப்பியது. எண்ணெய்க் கம்பெனிகள் விரும்பும் கார்பன் சிறைப்பிடிப்பும் (புகையிலுள்ள கார்பனைப் பிடித்து மண்ணுக்கடியில் அடைப்பது) தப்பியது. பேட்டரித் தொழிற்சாலைகளுக்கான சலுகை பெரும்பாலும் தப்பியது. கார் வாங்குபவர்களுக்குச் சங்கம் இல்லை. ஓல்சன் சொன்ன கணக்கு அறுபது ஆண்டு கழித்தும் தவறவில்லை.

மூன்று ஆண்டு மிகக் குறைவு என்பதே என் எண்ணம். அறிவிக்கப்பட்ட தொழிற்சாலைகளில் பல அப்போது அஸ்திவாரமாகத்தான் இருந்தன. வரப்போகும் வேலைக்காக யாரும் கட்சியைப் பகைத்துக்கொள்வதில்லை. கைக்கு வந்து பழகிய சம்பளத்துக்காகவே பகைத்துக்கொள்கிறார்கள்.

வங்கிகளை மிரட்டிய டெக்சாஸுக்கே திரும்பிப் போனால் இது தெரியும். 1999-ல் ஜார்ஜ் புஷ் ஆளுநராக இருந்தபோது புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு இலக்கு வைத்த சட்டம் அங்கே கையெழுத்தானது. காற்று வீசும் மேற்குப் பகுதியிலிருந்து நகரங்களுக்கு 2014-க்குள் ஏறத்தாழ 5,800 கிலோமீட்டர் மின்பாதை இழுத்தார்கள், சுமார் 700 கோடி டாலர் செலவில். இன்று அமெரிக்காவில் காற்றாலை மின்சாரத்தில் முதல் மாநிலம் அதுதான். மேய்ச்சல் நிலத்தில் விசிறி நிற்கும் பண்ணையாருக்கு வருடாவருடம் வாடகை வருகிறது. அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடம் அந்த விசிறிகளின் வரியில் ஓடுகிறது.

2023-ல் அங்கே காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் முட்டுக்கட்டை போடும் மசோதா ஒன்று மாநில செனட்டில் நிறைவேறி, கீழவையில் நின்றுபோனது. 2025-ல் அதே நோக்கத்தோடு மூன்று மசோதாக்கள் வந்தன. எண்ணெய் மாநிலம், ஆள்வது குடியரசுக் கட்சி, வாஷிங்டன் நகரிலும் அதே கட்சியின் ஆட்சி, காற்றாலையை வெறுக்கும் அதிபர். மூன்றும் செனட்டில் நிறைவேறின. மாநிலத்தின் வர்த்தக அமைப்புகளும் நில உரிமையாளர்களும் எதிர்த்துச் சாட்சி சொன்னார்கள். ஜூன் தொடக்கத்தில் கூட்டத்தொடர் முடிந்தபோது மூன்றில் ஒன்றுகூடக் கீழவையைத் தாண்டியிருக்கவில்லை.